பட்டதாரிப் பெண்ணும் பெட்பேனும்

 

சரித்திரத்தில் பட்டம் பெற்று, லண்டனில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் நல்ல சம்பளத்தில் அமர்ந்திருக்கும் நீ, அதை விட்டுவிட்டு நர்ஸ் பயிற்சிக்குப் போக உத்தேசித்திருப்பதாக எழுதிய கடிதமும், பட்டம் வாங்கிய பெண் பெட்பேன் எடுக்கவா போகிறாள் என்று உன் தகப்பனார் கொதித்து எழுதிய கடிதமும் ஒரே வாரத்தில் என் கைக்கு வந்தன. இரண்டில் அவருடைய கேள்விதான் எனக்கு அதிக முக்கியமாகப் பட்டது என்றால் கோபித்துக்கொள்ளாதே. பெட்பேன் எடுக்கத்தான் போகிறாய், அதற்கு உன் மனம் ஒப்புகிறதா என்பதைக் காட்டிலும் இவ்விஷயத்தில் கேட்கத் தகுந்த பெரிய கேள்வி வேறொன்றும் இல்லை.

படித்த பெண் இத்தொழிலுக்கு வருவது நூதனம் என்று அவர் நினைப்பாரானால், சரித்திரம் படித்த நீயே அவருக்குச் சொல்லலாம். முதல் உலக யுத்தத்தில் நர்ஸ்கள் போதாமல் அமெரிக்கா தவித்த 1918-ஆம் வருஷத்துக் கோடையில், நியூயார்க் மாகாணத்து வாஸர் கல்லூரியில் 400-க்கு மேற்பட்ட பட்டதாரிப் பெண்கள் கூடி, 12 வாரம் பாடம் கேட்டபின் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் புறப்பட்டார்கள். அந்த நவம்பரிலேயே யுத்தம் ஓய்ந்துவிட, வந்த காரணம் தீர்ந்ததென்று வீடு திரும்பியவர்களும் உண்டு. ஓய்ந்த பின்னும் நின்று பயிற்சியை முடித்தவர்களும் உண்டு. ஆனி குட்ரிச் அம்மையார் தலைமையில் 1923-இல் தோன்றிய யேல் சர்வகலாசாலையின் நர்ஸிங் கலாசாலையோ, 1934 முதல் பட்டதாரிகளை மட்டுமே சேர்த்துக்கொள்வதென்று விதி செய்தது.

நீ ஏன் வருகிறாய் என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன். வேலை நிச்சயம் என்பதற்காக வருகிறேன் என்று சொல்ல நாணுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சேவை, தியாகம் என்று வாயாரப் பேசிக்கொண்டு வந்தவர்கள் சோர்ந்துபோக, குடும்பத்துக்குச் சம்பளம் வேண்டும் என்று வந்தவர்கள் நடுநிசியிலும் நோயாளியின் குரலுக்கு முகம் சுளிக்காமல் எழுந்து போனதை என் உத்தியோக காலத்தில் பன்முறை கண்டிருக்கிறேன். தான் செய்த காரியம் யாரைப் போய்ச் சேர்ந்தது என்றே தெரியாமல் வருஷங்கள் கழிவது பொறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதுவும் யோக்கியமான காரணந்தான். காலையில் மூச்சுத் திணறியவர் மாலையில் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் கேட்பது வார்டில் உன் கண்முன்னே நடக்கும். ஆனால் அலுவலகத்து மானேஜரைப் பிடிக்கவில்லை என்பது மாத்திரமே காரணமானால் தயவுசெய்து வராதே. வார்டிலும் மேலதிகாரி உண்டு. அவருக்குக் கோபம் வர நியாயமான முகாந்தரங்களும் அங்கே அதிகம்.

இங்கிலாந்தில் மூன்று வருஷத்துப் படிப்பைப் பட்டதாரிகள் இரண்டு வருஷத்தில் முடிக்கலாம் என்பது மெய்யே. எனினும் அது உன் முந்திய கல்வியையும் அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தரும் சலுகையேயன்றி, 2,300 மணி நேரம் ஏட்டுக் கல்வி, 2,300 மணி நேரம் நோயாளிகளிடையே பயிற்சி என்ற அடிப்படை விதி யாருக்கும் மாறுவதில்லை. பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய்: இரண்டாவது பட்டத்துக்குப் பொதுவாகக் கடன் மறுக்கும் அரசாங்கம் நர்ஸிங் படிப்புக்கு விலக்களித்திருக்கிறது, 2017-இல் நிறுத்தப்பட்ட பழைய உபகாரச் சம்பளத்துக்குப் பதிலாக, 2020 முதல் வருஷத்துக்கு 5,000 பவுன் திருப்பித் தரவேண்டாத மானியமாகவும் கிடைக்கிறது. லண்டன் வீட்டு வாடகைக்கு இது எம்மாத்திரம் என்பதை நீயே கணக்கிட்டுக்கொள். வயது வந்தோர், குழந்தைகள், மனநோயாளிகள், கற்றல் குறைபாடு உள்ளோர் என்ற நான்கு பிரிவுகளில் எது உன்னுடையது என்பதை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும்; அதை அவசரத்தில் தீர்மானிக்காதே.

உன் பட்டம் வீணாகுமே என்ற கவலை எனக்கு இல்லை. முரண்படும் சாட்சியங்களை நிறுத்துப் பார்க்கப் பழகியவள் நீ. நோயாளி ஒன்று சொல்ல, மகன் வேறொன்று சொல்ல, முந்திய இரவின் குறிப்பு மூன்றாவதாக ஒன்று சொல்லும் வேளையில், எதை டாக்டரிடம் கொண்டுபோவது என்று தெளிய அந்தப் பழக்கம் கைகொடுக்கும். ஆயினும் முதல் சில மாதங்களில், நோவு தெரியாமல் ஒரு கிழவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் வித்தையை உனக்குக் கற்பிக்கப்போகிறவள், கல்லூரி வாசலையே மிதித்திராத உதவியாளாக இருக்கக்கூடும். அவளிடம் கைகட்டி நின்று கற்றுக்கொள்ள முடியாதவர்களுக்கு இத்தொழில் ஆகிவராது.

ஆகையால் உத்தியோகத்தை இப்பொழுதே ராஜினாமா செய்யாமல், வார இறுதிகளில் ஓர் ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ உதவியாளாகச் சேர்ந்து, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைப்பது ஆகிய காரியங்களைக் குளிர்காலம் முழுவதும் செய்து பார். பட்டதாரிகளிடம் இத்தகைய முன்னனுபவத்தைப் பல சர்வகலாசாலைகளே கேட்கின்றன. அதற்குப் பின்னும் போக மனமிருந்தால் விண்ணப்பித்துவிடு. உன் தகப்பனாருக்கு நான் தனியாக எழுதுகிறேன். அதுவரையில் அவரோடு தர்க்கம் செய்யாதே.

இப்படிக்கு,
உன் அத்தை