டென்ட் போட்டால் செலவு குறையுமா?

முழுஆண்டுத் தேர்வு முடியும் நேரத்தில் நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த லீவுக்கு எங்கேயாவது போறோமா, அத்தா?" பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொடைக்கானல் போய் வந்த படங்களைக் காட்டிவிட்டால் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிடும். மாதச் சம்பளத்திலோ அன்றாட வியாபாரத்திலோ குடும்பம் நடத்தும் தகப்பன் என்ன பதில் சொல்வார்? சிலர் கைமாற்று வாங்குகிறார்கள். சிலர் வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைக்கிறார்கள். மூன்று நாள் சுற்றுலாவுக்காக ஒரு வருடம் வட்டி கட்டிய குடும்பங்களும் நம் மஹல்லாக்களில் இருக்கின்றன.

இதற்கு மாற்றாக நம் இளைஞர்கள் சில வருடங்களாக ஒரு யோசனை சொல்லி வருகிறார்கள். "ரூம் எதுக்கு? டென்ட் போட்டுத் தங்கினா பாதிச் செலவுதான் ஆகும்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கில் நிற்கிறதா என்று பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், நன்னி என ஆறு பேர். திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்குப் போய் இரண்டு இரவு தங்குகிறார்கள். கீழே வரும் தொகைகள் கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. இடத்துக்கும் பருவத்துக்கும் தகுந்தபடி அவை மாறும். நீங்கள் விசாரித்து அறிந்த தொகையைப் போட்டு நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

தலைக்கா, அறைக்கா?

மலை ஊர்களில் 'கேம்பிங்' என்று விளம்பரம் செய்பவர்கள் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறார்கள். டென்ட், இரவுச் சாப்பாடு, கேம்ப் ஃபயர், காலைப் பலகாரம் எல்லாம் அதில் அடக்கம். தலைக்கு 1,200 ரூபாய், சிறு பிள்ளைகளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். நம் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்றால் ஓர் இரவுக்கு 6,000, இரண்டு இரவுக்கு 12,000. மதியச் சாப்பாட்டை வெளியே வாங்கினால் இரண்டு வேளைக்கு 2,400. ஆக மொத்தம் 14,400.

அதே ஊரில் சமையலறையுடன் கூடிய சிறிய காட்டேஜ் ஒன்று நாளுக்கு 3,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுக்கு 7,000. அரிசி, காய்கறி, கறி, மசாலா எல்லாம் சேர்த்து 2,500. மொத்தம் 9,500.

தரையில் படுப்பதற்குக் கட்டிலில் படுப்பதை விட ஏறத்தாழ 5,000 ரூபாய் கூடுதல்! காரணம் எளிது. அறைக்கு வாடகை, அறைக்குத்தான். கூடாரத்துக்குக் கட்டணம், ஆளுக்கு. தனியாகப் போகும் இளைஞனுக்கும் நண்பர்கள் இருவராகப் போகும்போதும் தலைக்கணக்கு லாபமாக இருக்கலாம். ஆறு பேர், எட்டுப் பேர் என்று புறப்படும் நம் குடும்பங்களுக்கு அது பெரும்பாலும் நஷ்டம்தான். பிள்ளைகளுக்கு இந்த யோசனையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கல்யாணம் ஆகாதவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சொந்த டென்ட் வாங்கினால்?

"வாடகை டென்ட் வேண்டாம், ஒருமுறை சொந்தமாக வாங்கிவிட்டால் காலத்துக்கும் ஆச்சே" என்பது அடுத்த வாதம். நான்கு பேர் தங்கலாம் என்று அட்டையில் போட்டிருக்கும் டென்டில் பைகளையும் வைத்துக்கொண்டு மூன்று பேர்தான் நிம்மதியாகப் படுக்க முடியும். ஆகவே ஆறு பேருக்கு இரண்டு டென்ட். ஒன்று 6,000 என்றால் 12,000. மலைக்குளிருக்கு ஸ்லீப்பிங் பேக் ஆறு, 7,800. தரையின் ஈரமும் குளிரும் ஏறாமல் இருக்க விரிக்கும் ஃபோம் பாய்கள் 3,000. விளக்கு, தார்ப்பாய், கயிறு, அடுப்பு என்று 2,200. மொத்தம் 25,000 ரூபாய்.

சொந்த டென்ட் இருந்தாலும் அதை எங்கே அடிப்பது? அனுமதியும் கழிப்பறையும் உள்ள இடத்தில் அடிக்கத் தலைக்கு 250 என்று கொண்டால் ஆறு பேருக்கு ஓர் இரவு 1,500. காட்டேஜோடு ஒப்பிட்டால் ஓர் இரவுக்கு மிச்சம் 2,000 ரூபாய். போட்ட 25,000 திரும்பி வரப் பதின்மூன்று இரவுகள் வேண்டும். வருடத்துக்கு இரண்டு இரவு போகிற குடும்பத்துக்கு ஆறரை வருடம். அதற்குள் பிள்ளைகள் ஸ்லீப்பிங் பேக்கைத் தாண்டி வளர்ந்துவிடுவார்கள். நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் பரணில் மடித்துக் கிடக்கும் டென்டின் நீர் புகாப் பூச்சு பிசுபிசுத்து உரிய ஆரம்பித்துவிடும்.

இதற்கு மேலே ஒரு செலவு இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. இரண்டு டென்ட், ஆறு படுக்கை, பாத்திரம், துணிமணி என்று இவ்வளவு மூட்டையை அரசுப் பேருந்தில் ஏற்றி, நன்னியையும் கைப்பிடித்துப் போக முடியுமா? வேன் பிடிக்க வேண்டியதுதான். வேனுக்கு 7,000 என்று வைத்தால், பேருந்திலும் உள்ளூர் ஆட்டோவிலும் ஆறு பேரும் போய் வர 2,500 போதும். இப்போது கூட்டுங்கள். வேன், டென்ட் இடம், மளிகை சேர்த்து 12,500. பேருந்து, காட்டேஜ், மளிகை சேர்த்து 12,000. டென்ட் வாங்கிய 25,000-ஐக் கணக்கிலேயே சேர்க்காமல் இந்த நிலைமை! சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாகத் தேவைப்படாது.

அப்படியானால் 'கேம்பிங் மலிவு' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது பொய்ப் பேச்சு அல்ல, இடம் மாறி வந்த பேச்சு. இங்கிலாந்தில் இந்தப் பழக்கத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்ற தையல்காரர். 1901-இல் அவர் தொடங்கியது சைக்கிளில் போய்க் கூடாரம் அடிப்பவர்களின் சங்கம். வண்டிச் செலவும் இல்லை, தூக்கும் சுமையும் கொஞ்சம். பிறகு அங்கே குடும்பங்களிடம் கார் வந்தது. விடுதி வாடகை நம் கற்பனைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பிரான்ஸில் நகராட்சிகளே கூடாரத் திடல்கள் அமைத்து, குளியலறை, கழிப்பறை, துணி துவைக்கும் இடம் எல்லாம் கட்டிக் கொடுத்தன. அந்தச் சூழலில் டென்ட் மலிவுதான். நம்மிடமோ அந்தத் திடல்கள் இல்லை. மலிவான அறைகளும் மலிவான பேருந்தும் இருக்கின்றன.

மிச்சம் உண்மையில் எங்கே?

மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பார்த்தால் ஒன்று தெரியும். பணத்தை மிச்சப்படுத்தியது கூரை அல்ல. சொந்தச் சமையலும் பேருந்தும்தான். ஆறு பேர் மூன்று வேளையும் ஹோட்டலில் உட்கார்ந்தால் அந்தப் பில்லே அறை வாடகையைத் தொட்டுவிடும். ஹலால் உணவு தேடி ஊர் முழுக்க ஆட்டோவில் அலையும் செலவு தனி. நாமே சமைத்தால் அந்தக் கவலையும் இல்லை. கேம்ப் ஃபயரில் சுட்டுத் தரும் கோழியை யார் அறுத்தார்கள் என்று இருட்டில் விசாரித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் நிறைய மிச்சமாகும். மே மாதத்து சனி, ஞாயிறும், பெருநாளுக்கு மறுநாளும் வாடகை உச்சத்தில் இருக்கும் நாட்கள். ஏப்ரல் கடைசி வாரத்தின் இடைநாட்களிலோ காலாண்டு விடுமுறையிலோ போனால் அதே அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்த வேலையும் இல்லை.

சமையல் என்றதும் ஒரு எச்சரிக்கை. வீட்டு கேஸ் சிலிண்டரையோ சிறிய கேஸ் அடுப்பையோ ரயிலில் கொண்டு போவது குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். பெட்டிக்குள் விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. பேருந்திலும் இந்த வேலை வேண்டாம். அடுப்பு உள்ள அறையாகப் பார்த்து எடுங்கள்.

டென்டுக்குள் அடுப்பு பற்ற வைப்பது அதை விடக் கொடியது. 1997 ஹஜ்ஜின்போது மினாவில் எரிவாயு அடுப்பிலிருந்து பரவிய தீயில் 300-க்கும் மேற்பட்ட ஹாஜிகள் உயிரிழந்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகுதான் மினாவில் எளிதில் தீப்பற்றாத கூடாரங்கள் வந்தன. நாம் கடையில் வாங்கும் டென்ட் அந்த ரகம் அல்ல. பாலியஸ்டர் துணி, தீப்பொறி பட்டால் உருகி மேலே ஒட்டும். குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வதும் கூடவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். அறைக்குள்ளும் இதே ஆபத்து உண்டு.

இலவச இடம் என்று ஒன்று இல்லை

செலவைக் குறைக்க, காட்டோரத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து டென்ட் அடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே வனச் சட்டப்படி குற்றம். அபராதம் கட்டினால் மிச்சம் பிடித்தது அத்தனையும் போய்விடும். அபராதத்தோடு முடிந்தால் நல்லது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் தனியார் விடுதி ஒன்றின் டென்டில் தங்கியிருந்த பெண் ஒருவரை யானை தாக்கிக் கொன்றது. அவர் காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர் அல்ல. விடுதி என்று நம்பிப் போனவர்.

ஆகவே தனியார் இடமாக இருந்தாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். சுற்றுலாத் துறை, உள்ளாட்சி அனுமதி இருக்கிறதா? காட்டின் எல்லை எவ்வளவு தூரம்? செல்பேசி சிக்னல் கிடைக்குமா? கழிப்பறை எத்தனை தப்படி, வழியில் விளக்கு எரியுமா, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? கடைசியில் சொன்ன மூன்றையும் வீட்டுப் பெண்களே போனில் கேட்பது நல்லது. ஆண்கள் கேட்டால் "எல்லாம் இருக்கு பாய்" என்ற பதிலோடு முடிந்துவிடுகிறது. நள்ளிரவில் நன்னியை எழுப்பிக்கொண்டு ஈரப்புல்லில் டார்ச்சோடு நடக்கப் போவது அவர்கள்தான். பஜ்ருக்கு உளூச் செய்யத் தண்ணீர் எங்கே, பக்கத்து டென்டில் குடியும் கூத்தும் இருக்குமா என்பதையும் கூச்சப்படாமல் கேட்கலாம்.

பதின்மூன்று இரவுகளை ஒரே வருடத்தில்

இவ்வளவு சொன்ன பிறகும் பிள்ளைகளுக்கு டென்டில் படுக்கும் ஆசை இருக்கத்தான் செய்யும். அது நல்ல ஆசை. அதை அணைக்க வேண்டியதில்லை. நம் கணக்கில் ஒரு வழியும் ஒளிந்திருக்கிறது. பதின்மூன்று இரவுக்கு ஒரு குடும்பம் ஆறரை வருடம் காத்திருக்க வேண்டும். ஏழு குடும்பங்கள் ஆளுக்கு இரண்டு இரவு எடுத்தால் ஒரே வருடத்தில் அது முடிந்துவிடும்.

நிக்காஹ் விருந்துக்கு யாராவது சொந்தமாகத் தேக்சா வாங்குகிறோமா? ஜமாஅத்தில் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்தித் திருப்பிக் கொடுக்கிறோம். அதேபோல ஏழு குடும்பங்கள் ஆளுக்கு 3,600 ரூபாய் போட்டு ஒரு செட் வாங்கி வைக்கலாம். மலைக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. உறவினரின் தென்னந்தோப்பில், வீட்டை ஒட்டிய திடலில் அடித்தால் இடத்துக்கு வாடகை இல்லை, தூரமும் கொஞ்சம். கிணற்றடியும் கழிப்பறையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், நன்னி வீட்டுக்குள் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். அங்கே ஸ்லீப்பிங் பேக்கும் தேவையில்லை. வீட்டுப் போர்வை போதும். அதைக் கழித்துவிட்டால் 25,000 என்பது 17,200 ஆகிவிடும், ஆளுக்கு 2,500-க்குள் அடங்கும். டென்டால் உண்மையாகவே பணம் மிச்சமாவது இந்த ஒரு வழியில்தான்.

வாங்குவதற்கு முன் யாரிடமாவது ஒரு டென்டை இரவல் வாங்கி, மொட்டை மாடியில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். காற்றில் அது நிற்கிறதா, ஜிப்பை உள்ளிருந்து சின்னப் பிள்ளை திறக்குமா, ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினால் ஒழுகுகிறதா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

கூட்டாக வைத்திருப்பதாக இருந்தால் ஒரு நோட்டுப் போடுங்கள். யார் எடுத்தார்கள், எந்தத் தேதி, கம்பி எத்தனை, ஆணி எத்தனை என்று எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் எண்ணிக் கையெழுத்து வாங்க வேண்டும். உடைந்தால் எடுத்தவர் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள், பிறகு மனவருத்தம் வராது. திருப்பிக் கொடுப்பவர் ஒரு நாள் முழுக்க நிழலில் விரித்துக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்த டென்ட் அடுத்த வீட்டுக்காரர் பிரிக்கும்போது பூஞ்சை பிடித்து நாறும்.