கண்ணாடியில்லாமல் திடீரென்று தெளிவது ஏன்?

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு ஒரு விந்தையான அனுபவம் உண்டு. கண்ணாடியைக் கழற்றியிருக்கும்போது, மங்கலாய் இருந்த கரும்பலகை எழுத்து சட்டென்று பளிச்சிடும். இரண்டு மூன்று நொடிகளில் மீண்டும் மங்கிவிடும். "பவர் குறைந்துவிட்டது" என்று மகிழ்ந்து கண்ணாடியைப் பெட்டிக்குள் பூட்டிவிடும் தோழியர் சிலர் உண்டு. பெண் பிள்ளைக்குக் கண்ணாடியா என்று கவலைப்படும் வீடுகளில் இம்மகிழ்ச்சி இன்னும் பெரிது!

வளர்ந்தவரின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளமுள்ளது. அது 1 மில்லிமீட்டர் கூடினாலே பார்வை 2.5 முதல் 3 டையாப்டர் வரை மாறிவிடும். தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவியும். பெரும்பாலோரின் கிட்டப்பார்வைக்கு இதுவே காரணம். நீண்டுவிட்ட விழி ஒரு நொடியில் சுருங்கி மறுநொடியில் நீள்வதில்லை. ஆகவே அந்தத் தெளிவு வேறிடத்திலிருந்து வருகிறது.

கண்ணின் முன்புறமுள்ள கார்னியாவின் மேல் மெல்லிய கண்ணீர்ப் படலம் உண்டு. ஒளியை முதலில் வளைப்பது அதுதான். ஒவ்வொரு முறை சிமிட்டும்போதும் அது புதிதாகப் பரவுவதால் பார்வையும் சற்றே மாறுகிறது. வெயிலில் கண்பாவை 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்து, சிதறும் கதிர்களைத் தடுக்கிறது. மாலை மங்கலில் அது விரிவதால்தான் பகலில் தெரிந்த பேருந்து எண் அப்போது தெரிவதில்லை.

பார்வைச் சிதறல் உள்ளவர்களின் கார்னியா பெரும்பாலும் எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இருப்பதில்லை. இக்குறையைத் தம் கண்ணிலேயே கண்டு 1801இல் விளக்கியவர் தாமஸ் யங். அதற்கு உருளை லென்சு உதவும் என்று 1825இல் காட்டிய ஜார்ஜ் ஏரியும் தம் கண்ணைக் கொண்டே காட்டினார். இமைகளைச் சுருக்கிப் பார்த்தால் கிடைக்கோடுகள் முன்னதாகத் தெளிவதைக் காணலாம். இமைகளின் இடைவெளி குறுகிய பிளவாக அமைவதே காரணம்.

1920இல் பேட்ஸ் என்னும் நியூயார்க் கண் மருத்துவர், கண்ணாடியின்றியே பார்வையைக் குணமாக்கலாம் என்று நூல் எழுதினார். அவர் முறையைப் பின்பற்றுவோர் இந்த நொடித் தெளிவுகளைச் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆனால் அப்பயிற்சியால் விழியின் நீளம் குறைந்ததாக நிறுவப்படவில்லை.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். நெடுநேரம் படித்துவிட்டு நிமிர்ந்தால் தூரப்பொருள் மங்கலாய்த் தெரியும். அருகே பார்க்க இறுகிய சிலியரி தசை உடனே தளராததே காரணம். அந்த இறுக்கத்தோடு சோதித்தால் தேவைக்கு மிஞ்சிய பவர் எழுதப்படலாம். அதனால்தான் சிறுவர் சிறுமியர்க்கு மருத்துவர் சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர்த்திய பின்னரே சோதிக்கிறார். சில மணி நேரம் கண் கூசுமே என்று பெற்றோர் அதனை மறுப்பது பிள்ளைக்குத்தான் நட்டம்.

ஒரு சிறு சோதனை. அட்டையில் ஊசியால் துளையிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதன் வழியே தொலைவிலுள்ள எழுத்தைப் பாருங்கள். தெளிந்தால் குறை பெரும்பாலும் லென்சினால் சரியாவதே. அவ்வாறும் தெளியாவிட்டால் மருத்துவர் விழித்திரை, நரம்பு முதலியவற்றில் காரணத்தைத் தேடுவார்.