மூச்சு உணர்த்தும் முன்குறி

மனித உடலில் ஓயாது நிகழும் தொழில்களுள் மூச்சு விடுதலும் ஒன்று. விழிப்பிலும் உறக்கத்திலும் அது தானே நடைபெறுதலின், நலமுடையார் அதனை நினைப்பதில்லை. வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். நுரையீரலில் அறுவை மருத்துவம் பெற்றவர்க்கு, இவ்வெளிய கணக்கே உயிர்காக்கும் கணக்காகிறது.

வலப்பக்க நுரையீரல் மூன்று மடல்களையும், இடப்பக்க நுரையீரல் இரண்டு மடல்களையும் உடையன. புற்றுநோய் முதலியவற்றால் ஒரு மடல் கெடுமாயின், மருத்துவர் அதனை அறுத்து நீக்குவர். சிலபோது ஒரு பக்கத்து நுரையீரலை முழுவதும் நீக்குவதும் உண்டு. 1933ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் நகரில், எவார்ட்ஸ் கிரகாம் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோயுற்ற ஒருவரது இடப்பக்க நுரையீரலை முழுவதும் நீக்கினார். அந்நோயாளரும் ஒரு மருத்துவரே. 1957ஆம் ஆண்டில் கிரகாம் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். அவரால் பிழைத்தவரோ அதன் பின்னரும் ஒற்றை நுரையீரலுடன் வாழ்ந்திருந்தார்.

அறுவை முடிந்த அளவில் இடர் முடிந்துவிடுவதில்லை. மார்பைத் திறந்த புண் ஒவ்வொரு மூச்சிலும் வலிக்கும். வலிக்கு அஞ்சி நோயாளர் ஆழ்ந்து மூச்சு வாங்கார், இருமவும் தயங்குவார். அதனால் சளி தங்கிக் காற்றுக்குழல்களை அடைக்கும். அடைபட்ட பகுதி சுருங்கும். அங்கே கிருமிகள் பெருகின் நிமோனியா தோன்றும். சுருங்கிய நுரையீரல் ஒரு மூச்சில் கொள்ளும் காற்றுக் குறைவு. அக்குறையை ஈடுசெய்ய உடல் பலமுறை மூச்சு வாங்குகிறது. ஆகவே, பிற குறிகள் தெளிவாகப் புலப்படுமுன்னரே மூச்சின் எண்ணிக்கை பெரும்பாலும் உயர்ந்துவிடுகிறது.

ஒரு நோயாளர்க்குக் காலையில் 16, நண்பகலில் 19, மாலையில் 24 என மூச்சு இருந்ததாகக் கொள்வோம். கேட்டால், "எனக்கு ஒன்றும் இல்லை" என்றே அவர் கூறக்கூடும். ஆயினும் குறிப்பேட்டை நோக்கும் செவிலியர், எண்கள் ஏறிச்செல்வதைக் கண்டு மருத்துவர்க்கு அறிவிப்பார். எண்ணிக்கை மிகக் குறைதலும் இடரே. வலி தணிக்கும் மார்பின் போன்ற மருந்துகள் அளவு மீறின், மூச்சைத் தளர்த்திவிடும். இலண்டன் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பீட்டு முறை, 25-உம் அதற்கு மேலும், 8-உம் அதற்குக் கீழுமான எண்ணிக்கைகளைக் கடும் இடர்க்குறிகளாகக் கொள்கிறது.

எண்ணுதலோடு மூச்சின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். மார்பின் ஒரு புறம் முன்னையினும் குறைவாக உயர்ந்தால், அங்கே நுரையீரல் சுருங்கியிருக்கலாம். அல்லது காற்றோ குருதியோ தேங்கி அதனை அழுத்தலாம். கழுத்துத் தசைகள் இழுபடுதலும், விலாவிடைகள் உட்குழிதலும், ஒரு வாக்கியத்தைத் தொடர்ந்து சொல்ல இயலாமையும் மூச்சுத் திணறலின் அடையாளங்கள். மார்புவலியுடன் திடீரெனத் திணறல் தோன்றின், காலில் உறைந்த குருதிக்கட்டி நுரையீரலின் நாளத்தை அடைத்திருத்தலும் கூடும்.

அறுவைக்குப் பின் மார்பிலிருந்து வரும் குழாயின் முனை, ஒரு புட்டியிலுள்ள நீரில் அமிழ்ந்திருக்கும். மூச்சுக்கேற்ப அக்குழாயில் நீர் ஏறி இறங்கும். குமிழிகள் எழுந்துகொண்டே இருப்பின் எங்கோ காற்றுக் கசிகிறது என்பது பொருள். நீரின் அசைவு நின்றால் நுரையீரல் நன்கு விரிந்துவிட்டது எனலாம். குழாய் அடைபட்டது எனவும் ஆகலாம். நோயாளரின் மூச்சையும் எக்ஸ்-ரே படத்தையும் சேர்த்து நோக்கியே உண்மையைத் துணிவர்.

குருதியிலுள்ள பிராணவாயுவை விரல்நுனியில் அளந்து காட்டும் கருவி இன்று எங்கும் உண்டு. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவொயாகி 1974ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய நெறியே அதற்கு அடிப்படை. ஆயினும், நோயாளர்க்குப் பிராணவாயு கொடுக்கப்படும்போது, மூச்சுத் தளர்ந்த பின்னரும் அக்கருவியின் எண் குறையாது நிற்கக்கூடும். ஆதலின் கருவி உள்ள இடத்திலும் கண்ணின் காவல் வேண்டும்.

மூச்சை எண்ணுகின்றனர் என்று அறிந்தால் நோயாளரின் மூச்சு இயல்பு மாறும். எனவே செவிலியர், நாடி பார்ப்பவர்போல் மணிக்கட்டைப் பிடித்தவாறே, மார்பின் ஏற்றத்தை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவர். அந்த ஒரு நிமிடத்தைச் சிறிதென்று கருதி, எண்ணாமலே முன்னிருந்த எண்ணை மீண்டும் எழுதிவைப்பின், குறிப்பேடு நிறையும். நோயாளர் காவலை இழப்பார். எவரும் காணாத நள்ளிரவிலும் மறவாது எண்ணி உள்ளதை உள்ளவாறு எழுதும் செவிலியர், அறுவை மருத்துவர் தொடங்கிய பணியை நிறைவேற்றுகின்றார்.