வேகா 64 கார்டின் வோல்ட்டேஜை வெளியிலிருந்து மாற்றுவது எப்படி?

ஏஎம்டி 2017 ஆகஸ்ட்டில் வெளியிட்ட ஆர்எக்ஸ் வேகா 64 கிராஃபிக்ஸ் கார்டில், டிரைவர் மென்பொருள் வழியாகக் கோர் வோல்ட்டேஜை எவ்வளவு கூட்டப் பார்த்தாலும் 1.2 வோல்ட்டோடு நின்றுவிடும். பயாஸைத் திருத்தி எழுதலாம் என்றால், கையொப்பம் சரிபார்க்கும் பாதுகாப்புப் பகுதி அதை ஏற்காது. ஹெச்பிஎம்2 மெமரிக்குப் போகும் வோல்ட்டேஜை மாற்ற மென்பொருளில் வழியே கிடையாது. ‘மெமரி வோல்ட்டேஜ்’ என்ற பெயரில் அங்கே தெரிவது, கோர் வோல்ட்டேஜ் எதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று சொல்லும் எல்லைதான். பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

இங்கேதான் வெளிக் கட்டுப்பாட்டுக் கருவி உதவுகிறது. ஏஎம்டியின் மூல வடிவமைப்புப் போர்டில் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது ஐஆர்35217 என்ற சிப். கிராஃபிக்ஸ் சிப் “இவ்வளவு வோல்ட் வேண்டும்” என்று கேட்கும், இது கொடுக்கும். இந்தச் சிப்புக்கு ஐ2சி என்ற இரண்டு கம்பிப் பாதையும் உண்டு. எல்மார்லேப்ஸின் ஈவிசி2 போன்ற கருவியை அந்தப் பாதையில் இணைத்து, “கேட்டதற்கு மேல் 25 மில்லிவோல்ட் சேர்த்துக் கொடு” என்று உத்தரவிடலாம். இந்தக் கூடுதலுக்கு ஆஃப்செட் என்று பெயர். டிரைவரும் பயாஸும் போட்ட வேலி இந்தப் பாதையில் இல்லை. கார்டு நிறுவனங்களே ஒரு காலத்தில் இந்த வசதியைத் தந்தன. ஈவிஜிஏவின் ஈவிபாட் கருவி அப்படிப்பட்டதுதான். 2012-ல் ஜிடிஎக்ஸ் 680 கிளாசிஃபைட் கார்டிலிருந்து அதற்கான இணைப்பு நீக்கப்பட்டது. இன்று பெரும்பாலான கார்டுகளில் கம்பியை நாமே சோல்டர் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எவ்வளவு தூரம் போகலாம்? மின்செலவு வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 1.20-லிருந்து 1.25 வோல்ட்டுக்குப் போனாலே, வேகம் அப்படியே இருக்க, சுமார் 8.5 சதவீதம் கூடுதல் வெப்பம். ஏஎம்டியின் திரவக் குளிரூட்டி பதிப்பு அந்த 1.25 வோல்ட்டைத்தான் எட்டியது. அதன் மின்வரம்பு 345 வாட், காற்றுக் குளிரூட்டி பதிப்புக்கு 295. எனவே தண்ணீர்க் குளிரூட்டி இல்லாதவர்கள் வோல்ட்டேஜைக் கூட்டவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. தண்ணீர்க் குளிரூட்டி உள்ளவர்களும் அன்றாடப் பயன்பாட்டில் 1.25-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதிக வோல்ட்டேஜும் அதிக வெப்பமும் சேர்ந்தால் சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய உலோகப் பாதைகள் நிரந்தரமாகத் தேயும். அது அன்றைக்கே கண்ணுக்குத் தெரியாது.

தேவையானவை: ஈவிசி2, நல்ல மல்டிமீட்டர், மெல்லிய முனையுள்ள சோல்டரிங் அயர்ன், ஃப்ளக்ஸ், 30 கேஜ் கம்பி, கம்பியை ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் பசை. முடிந்தால் ஒரு லேப்டாப்பும். ஈவிசி2-வின் யுஎஸ்பி கேபிளை அதே கம்ப்யூட்டரில் செருகலாம். ஆனால் திரை உறைந்துவிட்டால் வோல்ட்டேஜைக் குறைக்கவும் வழியில்லாமல் போகும். லேப்டாப்பில் செருகினால் அந்தக் கவலை இல்லை. கார்டுக்குப் போகும் இரண்டு 8-பின் இணைப்புகளுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனித்தனி கேபிள் இழுங்கள். ஒரே கேபிளின் இரண்டு தலைகளைச் செருகுவது இந்த வேலைக்கு ஆகாது.

சோல்டரிங் அயர்னைத் தொடுமுன் அளக்க வேண்டும். இந்தக் கட்டத்தை யாரும் தாண்டிப் போகக்கூடாது. மென்பொருள் காட்டும் வோல்ட்டேஜ் பெரும்பாலும் கேட்கப்பட்ட அளவு; சிப்புக்குப் போய்ச் சேரும் அளவு அதிலிருந்து வேறுபடும், சுமை ஏறும்போது இறங்கும். அதனால் பின்தகட்டைக் கழற்றி, கிராஃபிக்ஸ் சிப்புக்கு நேர் பின்னால் உள்ள கெபாசிட்டர் ஒன்றின் இரு முனைகளிலும் மெல்லிய கம்பி வைத்து மல்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். ஓடும் கார்டில் மீட்டரின் முனையைக் கையால் பிடித்து அளந்தால், கை நழுவும் ஒரு நொடியில் கார்டு போய்விடும். கார்டு அணைந்திருக்கும்போது கோர் பாதைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். ஷார்ட் ஆகிவிட்டதோ என்று பதற வேண்டாம். பெரிய சிப்களுக்கு அது இயல்பு. பிறகு மாற்றம் எதுவும் செய்யாமல் யூனிஜின் சூப்பர்பொசிஷன் போன்ற சோதனையை ஓட்டி, உண்மை வோல்ட்டேஜ், வேகம், ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) வெப்பம் மூன்றையும் எழுதி வையுங்கள். ஹாட்ஸ்பாட் 105 டிகிரியை நெருங்கினால் முதலில் சரிசெய்ய வேண்டியது குளிரூட்டியை.

அடுத்து சோல்டரிங். ஐஆர்35217-இன் தரவுத்தாளில் ஐ2சி பாதைக்கான எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டு கால்கள் எவை என்று பாருங்கள். சிப்பின் கால்களிலேயே சோல்டர் வைக்க முயலாதீர்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, அந்தக் கால்களோடு இணைந்த ரெசிஸ்டரோ டெஸ்ட் பாயின்ட்டோ பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடி, அங்கே கம்பியை வையுங்கள். மூன்றாவது கம்பி கிரவுண்டுக்கு. அது இல்லாமல் தகவல் பரிமாற்றம் நடக்காது. கம்பிகள் ஒரு சாணுக்குள் இருக்கட்டும். பசை வைத்து ஒட்டிய பிறகு, எஸ்டிஏவும் எஸ்சிஎல்லும் ஒன்றையொன்றோ கிரவுண்டையோ தொடவில்லை என்று மீண்டும் சோதியுங்கள்.

ஈவிசி2-வை இணைக்காமலே கார்டை ஒருமுறை இயக்குங்கள். படம் வந்தால், இரண்டு கம்பியிலும் 3.3 வோல்ட் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எல்லாவற்றையும் அணைத்து, கருவியை இணைத்து, மறுபடி இயக்கி, ஈவிசி2-வின் மென்பொருளில் சாதனங்களைத் தேடச் சொல்லுங்கள். சிப் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்கும், அல்லது கிரவுண்ட் சரியாகப் பிடித்திருக்காது. கிடைத்ததும் எதையும் மாற்றாமல் வோல்ட்டேஜ், மின்னோட்டம், வெப்பம் ஆகியவற்றை மட்டும் படியுங்கள். வோல்ட்டேஜ் மல்டிமீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாதவரை ஆஃப்செட்டைத் தொடாதீர்கள்.

இனி கோர் ஆஃப்செட்டில் சுமார் 12 மில்லிவோல்ட் கூட்டுங்கள். மீட்டரில் அது ஏறியதா என்று பாருங்கள், சோதனையை ஓட்டுங்கள், எழுதுங்கள். பிறகுதான் அடுத்த படி. வோல்ட்டேஜ் ஏறியும் வேகம் குறைகிறதென்றால் மின்வரம்பு தடுக்கிறது என்று பொருள். காற்றுக் குளிரூட்டி பதிப்பில் சிப்புக்கான வரம்பு 220 வாட். டிரைவரில் 50 சதவீதம் கூட்டினால் 330 ஆகும். லோட்லைன் (சுமை ஏறும்போது வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்கலாம் என்ற அமைப்பு), மிகை மின்னோட்டப் பாதுகாப்பு ஆகியவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். ஏதாவது தவறினால் கார்டைக் காப்பாற்ற மிஞ்சியிருப்பது அந்தப் பாதுகாப்புதான்.

ஹெச்பிஎம்2-வின் இயல்பு அளவு 1.35 வோல்ட், வேகம் 945 மெகாஹெர்ட்ஸ். வோல்ட்டேஜைத் தொடாமலே பல கார்டுகள் 1050-ஐத் தாண்டும். மெமரி அடுக்குகள் கிராஃபிக்ஸ் சிப்போடு ஒரே தளத்தில் உட்கார்ந்திருப்பதால், போனால் தனியாக மாற்ற முடியாது. மெமரி வோல்ட்டேஜை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

இதே கருவியால் கோர் வோல்ட்டேஜைக் குறைக்கவும் முடியும். 1.2-லிருந்து 1.1-க்கு இறங்கினால், வேகம் அதேபோல் நின்றால், மின்செலவு சுமார் 16 சதவீதம் குறையும். வேகா கார்டுகளில் மின்வரம்பே வேகத்தைக் கட்டிப்போடுவதால், குறைத்த பிறகு வேகம் கூடுவதும் உண்டு. காற்றுக் குளிரூட்டி வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். டிரைவரிலேயே இது முடியும், சோல்டரிங்கும் தேவையில்லை.

ஆஃப்செட் மின்சாரம் போனதும் அழிந்துவிடும், ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். அது நல்லதுதான். சிப்பின் நிரந்தர நினைவகத்தில் மட்டும் எதையும் எழுதிவிடாதீர்கள்: அதில் எழுதும் வாய்ப்புகள் குறைவு, தவறாக எழுதினால் அடுத்த முறை கார்டு எழுந்திருக்காமலே போகலாம். கம்பி வைத்த கணமே வாரண்டி முடிந்தது. உங்களிடம் இருப்பது அந்த ஒரே கார்டுதான் என்றால், இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.