தன்னை உண்ணும் செல்

தாமிரபரணிப் பாசன வயல்களில் கார் நெல் அறுவடையானதும், எஞ்சி நிற்கும் தாள்களை உழவர் மடக்கி உழுவர். சேற்றில் மட்கிய அத்தாள், அடுத்து வரும் பிசான நெல்லுக்கு உரமாகும். நம் உடற்செல்களிலும் இத்தகைய உழவு நிகழ்கிறது. பழுதுற்ற புரதங்களையும் நுண்ணுறுப்புகளையும் செல் ஒரு சவ்வுப்பையில் பொதிந்து லைசோசோமிடம் சேர்க்கும்; அங்கு அவை செரிக்கப்பட்டு, மீண்டும் பயன்படும் பொருள்களாகும். இதுவே தன்னுண்ணல். 1963இல் இதற்குப் பெயரிட்டவர் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டுவே. ஈஸ்ட் செல்களில் இதற்குரிய மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி, 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

தூய்மைப் பணியே துன்பத்திற்கும் துணைபோகுமோ? ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் எனும் முதுகெலும்பு அழற்சி நோய் இவ்வினாவை எழுப்புகிறது. இந்நோயாளருள் பெரும்பாலோர் எச்.எல்.ஏ-பி27 என்னும் மரபணு உடையவர். ஆயினும் அம்மரபணு உடையோருள் மிகச் சிலரே நோயுறுகின்றனர். அது ஆக்கும் புரதம் மெல்லவே மடிந்து உருப்பெறும். தவறாக மடிந்தவை எண்டோபிளாச வலைப்பின்னலில் தேங்கும். நோயாளரின் குடல் திசுவை ஆராய்ந்தோர், அங்கே தன்னுண்ணல் மிகுந்திருக்கக் கண்டனர். அதனோடு இன்டர்லியூகின்-23 என்னும் அழற்சித் தூதுப்பொருளும் பெருகியிருந்தது. அத்தூது இன்டர்லியூகின்-17ஐத் தூண்டவல்லது. தசைநாண்கள் எலும்பில் பொருந்தும் இடங்களில் அழற்சி மூளும். நாளடைவில் புதிய எலும்பு வளர்ந்து முள்ளெலும்புகளைப் பிணைத்துவிடும்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எளிது. 17ஐத் தடுக்கும் மருந்துகள் நோயைத் தணிக்கின்றன. 23ஐத் தடுப்பவையோ முதுகெலும்பு நோயில் எதிர்பார்த்த பயன் தரவில்லை. தன்னுண்ணல் தீயை மூட்டுகிறதா, மூண்ட தீயை அணைக்க முயல்கிறதா என்பது ஆய்வுலகில் இன்னும் தீராத வழக்கு.

நாற்று நடுவோர்க்கும், முக்கூடல், மேலப்பாளையம் பகுதிகளில் பீடி சுற்றுவோர்க்கும் முதுகுவலி புதிதன்று. அவ்வலி வேலையால் மிகும், ஓய்வால் தணியும். அழற்சி வலியோ ஓய்வால் மிகும். பின்னிரவில் உறக்கம் கலைக்கும். விடியலில் முதுகை விறைக்கச் செய்து, நடமாடத் தொடங்கியபின் தளரும். பெரும்பாலும் 45 வயதிற்கு முன்பே தொடங்கும். கண் சிவந்து வலித்தலும் உடன் வரலாம். இவ்வேறுபாடு அறியாது, வேலைக் களைப்பென்று எண்ணிப் படுக்கையை நாடும் இளைஞர் மருத்துவத்திற்குரிய காலத்தை இழக்கின்றனர். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இத்தகைய வலியுடையோர்க்குக் குருதிச் சோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் நோயைக் காட்டிக்கொடுக்கும். பிணைந்துவிட்ட எலும்பைப் பிரிக்கும் மருந்து இல்லை. பிணையுமுன் தரும் மருந்தும் அன்றாட உடற்பயிற்சியும் நிமிர்ந்து நடக்கத் துணைசெய்யும். புகைப்போரிடம் இப்பிணைப்பு விரைகிறது.