வெள்ளிமலைக்கு ஒரு பகல்

சென்னை எழும்பூரில் இரவில் புறப்படும் சேலம் விரைவுத் தொடர்வண்டி, விருத்தாசலத்தில் முதன்மைப் பாதையை விட்டுப் பிரிந்து, விடியுமுன் சின்னசேலத்தை அடைகிறது. கல்வராயன் மலையைக் காண விழைவோர் இங்கே இறங்க வேண்டும். இங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஏறத்தாழ 16 கி.மீ. நீளத்தில் புதிய இருப்புப்பாதை அமைக்கும் பணி நெடுங்காலமாக நடந்து வருகிறது. மலைக்கோ பேருந்துதான்.

நார்வே நாட்டில் மலையேற்றத்தையும் தொடர்வண்டியே பார்த்துக்கொள்கிறது. கடலோரச் சிற்றூரான ஃபிளாமிலிருந்து 866 மீட்டர் உயரத்திலுள்ள மிர்டாலுக்கு அது 20 கி.மீ. தொலைவு ஏறுகிறது, வழியில் 20 சுரங்கங்கள். பெரும்பாலானவை தொழிலாளர் கையால் குடைந்தவை. கியோஸ் அருவிக்கு எதிரே வண்டி சற்று நிற்கும். பயணிகள் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்வர். கல்வராயனில் அருவியைத் தேடி நடக்க வேண்டியிருக்கிறது. நடப்பவர் கண்ணில் அருவியோடு ஊரும் படுகிறது.

கச்சிராயபாளையத்தைக் கடந்ததும் கோமுகி அணை. அப்பால் சாலை வளைந்து வளைந்து ஏறும். பெரியார் அருவி வழியிலேயே காட்சி தரும். மேகம் அருவிக்குக் காட்டுவழியே செல்ல வேண்டும். கோடையில் செல்வோருக்கு வெறும் பாறையே காட்சி. ஐப்பசி, கார்த்திகையே ஏற்ற காலம்.

வெள்ளிமலை, கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம். சுற்றிலும் சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகள். கடுக்காய் பொறுக்குவதும் தேன் எடுப்பதும் மக்களின் துணைத் தொழில்கள். இம்மக்கள் ‘மலையாளி’ எனப்படுவர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என மயங்க வேண்டா. மலையை ஆள்பவர் என்பதே பொருள், பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி.

பெயரில் ஆட்சி இருந்தும் நிலம் நெடுங்காலம் இவர்கள் கையில் இல்லை. நாடு விடுதலை பெற்ற பின்னரும் கல்வராயன் மலை மூன்று ஜாகிர்களாகவே நீடித்தது. உழுதவர் ஜாகிர்தாருக்கு வரி செலுத்தினர். கூலியின்றி உழைக்கவும் நேர்ந்தது. 1963இல் ஜாகிர்களை அரசு கையகப்படுத்த முனைந்தபோது வழக்குகள் எழுந்தன. 1976இல்தான் மலை முழுமையாக அரசின் நிருவாகத்தின்கீழ் வந்தது. பள்ளி, மருத்துவமனை, சாலை யாவும் இங்கே காலந்தாழ்ந்து வந்ததன் காரணம் இதனால் விளங்கும். வெறும் தொலைவைக் காரணம் காட்டுவது பொருந்தாது. கள்ளக்குறிச்சியிலிருந்து சில மணி நேரத்தில் ஏறிவிடக்கூடிய மலைதான் இது.

வந்த சாலையும் எல்லா ஊர்களையும் எட்டிவிடவில்லை. உட்புறச் சிற்றூர்களிலிருந்து நோயாளியைத் தூளிகட்டித் தோளில் சுமந்து வந்த செய்திகளை இந்நாளிலும் நாளிதழ்களில் காணலாம். சுற்றுலாப் பயணி விரும்பி நடக்கும் அதே காட்டுவழி, பேறுகாலப் பெண்ணுக்கு வேறு நீளமுடையது.

மாலையில் இறங்கும் பேருந்தில் கல்லூரி மாணவரும் சந்தைக்குச் செல்லும் மூட்டைகளும் நெருக்கியடித்து வருவர். சின்னசேலத்தில் சென்னை வண்டி வர இரவாகிவிடும். நிலைய நடைமேடையில் காத்திருக்க நேரம் நிறையவே உண்டு.