இசை அரங்கேற்றமா? இவற்றையும் கவனியுங்கள்

வன்னியில் பிள்ளையின் வாய்ப்பாட்டு, வயலின் அரங்கேற்றத்துக்கு ஆயத்தமாகும் பெற்றோருக்குச் சில குறிப்புகள்:

● ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கும் மாரி மழை. வேறு மாதத்தில் திகதி குறியுங்கள். ஈரக்காற்றில் மிருதங்கத் தோலின் சுருதி நிற்காது.

● வர்ணத்தில் தொடங்கி, பிள்ளையார் கீர்த்தனை, விரிவான பிரதான உருப்படி, துக்கடா, மங்களம் என ஒழுங்குபடுத்துங்கள்.

● பக்கவாத்தியக் கலைஞர்களோடு ஒரு முழு ஒத்திகையாவது அரங்கேற்றம் நடக்கும் மண்டபத்திலேயே நடக்கட்டும்.

● நிகழ்ச்சி நிரலில் உருப்படிதோறும் ராகம், தாளம், இயற்றியவர் பெயர் வேண்டும். உதாரணம்: வாதாபி கணபதிம் – ஹம்சத்வனி, ஆதி, முத்துசுவாமி தீட்சிதர். தெலுங்கு, சமஸ்கிருதப் பாடலானால் இரண்டு வரியில் பொருளும் எழுதுங்கள்.

● மின்சாரம் நின்றாலும் சுருதிப்பெட்டி ஒலிக்க பற்றரி இருக்கட்டும்.

● அச்சுக்குக் கொடுக்குமுன் நிரலைக் குருவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.